நெரிசலின் தலை எங்கே? தோட்டப் பட்டணத்துச் சாலையை அளந்து சரிசெய்யும் வழி

மாலை ஐந்தரை மணிக்குக் கடைத்தெருவில் வண்டிகள் நின்றுவிட்டால், நாம் எல்லாரும் மாட்டிக்கொள்வது வரிசையின் வாலில். அங்கிருந்து பார்த்தால் முன்னால் நிற்கும் காரின் பின்விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. "கார் பெருகிப்போச்சு, சாலை பத்தவில்லை" என்று சொல்லிவிட்டு வீடு போய்ச் சேர்கிறோம். ஆனால் ஒவ்வொரு நெரிசலுக்கும் ஒரு தலை உண்டு. நெருக்கத்திலிருந்து விடுபட்டு வண்டிகள் மறுபடி வேகமெடுக்கும் இடம்தான் அது. காரணம் அநேகமாகத் தலையில்தான் இருக்கும். வால் அரை கிலோமீட்டர் நீண்டிருந்தாலும், தலையில் இருப்பது தப்பான இடத்தில் நிறுத்திய ஒரே ஒரு காராகவோ, ஐந்து வினாடி குறைவாக எரியும் பச்சை விளக்காகவோ இருக்கலாம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஆலய நிர்வாகம், தாமான் (வீடமைப்புப் பகுதி) குடியிருப்போர் சங்கம் என்று யாராக இருந்தாலும், ஒரு வாரம் உழைத்தால் உங்கள் பட்டணத்து நெரிசலின் காரணத்தை எண்களோடு காட்ட முடியும். இந்த வழிகாட்டி அதற்காகத்தான்.

மலேசியாவில் தோட்டங்களை ஒட்டி எழுந்த நம் பட்டணங்களின் அமைப்பை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சுங்கை சிப்புட், பீடோர் போன்றவை 1-ஆம் எண் கூட்டரசு சாலையில் வளர்ந்தவை. காப்பார் 5-ஆம் எண் சாலையில். நெடுந்தூரம் போகிற வண்டியும், மீன் வாங்க நிற்கிற வண்டியும் ஒரே தாரில்தான் ஓடுகின்றன. இருபுறமும் அஞ்சடி நடைபாதை வைத்த கடைவரிசை, ஒரு கோடியில் தமிழ்ப்பள்ளியும் கோயிலும், நடுவில் தோட்டத்துச் சாலை வந்து சேரும் முச்சந்தி, சற்றுத் தள்ளி செம்பனை ஆலை. தோட்டம் விற்கப்பட்டு அங்கே தாமான் எழும்பும்போது நூற்றுக்கணக்கான வீடுகளுக்கும் அதே பழைய முச்சந்திதான் வாசல். ரப்பர் பால் லோரிக்கும் ஒரு மணிக்கு ஒரு பேருந்துக்கும் போதுமாக இருந்த சந்திப்பு அது.

ஒரு தடத்தில் எத்தனை வண்டி போகும்?

போக்குவரத்துக் கணக்குக்கு அடித்தளமானது ஒரே ஒரு பெருக்கல். ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டிகளின் எண்ணிக்கையை அவற்றின் வேகத்தால் பெருக்கினால், ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டிகளின் எண்ணிக்கை கிடைக்கும். கிலோமீட்டருக்கு 20 கார், வேகம் 60 என்றால் மணிக்கு 1,200. அதே சாலையில் 120 கார் நெருங்கி மணிக்கு 4 கிலோமீட்டரில் ஊர்ந்தால் 480 மட்டுமே. சாலை முழுக்க வண்டி நிற்கிறது என்பதால் சாலை நிறைய வேலை செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அது அப்போது பாதி வேலைகூடச் செய்யவில்லை. நெருக்கம் கூடக்கூட வேகம் குறைகிறது என்பதை அமெரிக்கப் பொறியாளர் கிரீன்ஷீல்ட்ஸ் 1935-இல் சாலையில் அளந்தே காட்டினார்.

தடையே இல்லாமலும் நெரிசல் பிறக்கும். ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓடச் சொல்லிப் பார்த்தார்கள். அதன் முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. கொஞ்ச நேரத்திலேயே ஒரு காரின் சிறு தயக்கம் பின்னால் வந்தவர்களுக்குப் பெரிய பிரேக் ஆகி, நிற்கும் அலையாக மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. பட்டணத்துக்கு வெளியே நெடுஞ்சாலையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று நின்று போவது இதனால்தான். ஊருக்குள் காரணம் அநேகமாகக் கண்ணுக்குத் தெரியும் பொருளாகவே இருக்கும்.

நினைவில் வைக்க வேண்டிய இன்னும் இரண்டு எண்கள்: சமிக்ஞை விளக்கு பச்சையானபின் ஒரு தடத்தில் சுமார் 2 வினாடிக்கு ஒரு கார் கோட்டைக் கடக்கும், அதாவது இடைவிடாமல் பச்சை எரிந்தால் மணிக்கு 1,800. நிற்கும் வரிசையில் ஒரு கார் பிடிக்கும் இடம், முன் இடைவெளியோடு சேர்த்து, சுமார் 7 மீட்டர்.

தலையைக் கண்டுபிடித்தல்

வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நடந்து போங்கள். வாலிலிருந்து தொடங்கி, வண்டிகள் போகும் திசையிலேயே நடங்கள். முன்னால் இடம் திறந்து, கார்கள் இரண்டாவது மூன்றாவது கியருக்கு மாறும் இடம் வந்ததும் நில்லுங்கள். அதுதான் தலை. வழியில் இரண்டு மூன்று இடங்களில் தலை போலத் தெரிந்தால் கடைசியாக, அதாவது மிக முன்னால் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவை அதன் விளைவாக இருக்கக்கூடும்.

கூகுள் வரைபடத்தின் சிவப்புக் கோடும் உதவும். பயணத் திசையில் சிவப்பு முடிந்து பச்சை தொடங்கும் புள்ளியைப் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் எடுத்து வையுங்கள். அந்தப் புள்ளி நகராமல் ஒரே இடத்தில் இருந்து, சிவப்பு மட்டும் பின்னால் வளர்ந்தால் அங்கே நிலையான இறுக்கம் இருக்கிறது. புள்ளியே நகர்ந்தால் அது குப்பை லோரியோ விபத்தோ ஆக இருக்கலாம். வேறு நாள் பாருங்கள்.

எண்ணும் முறை

எண்ணுவதில் எல்லாரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. நிறுத்தக் கோட்டருகே நின்று, கடந்து போகும் வண்டிகளை மட்டும் எண்ணிவிட்டு, "மணிக்கு 600 வண்டிதான் வருகிறது" என்று எழுதிவிடுவார்கள். அது வெளியேறிய எண்ணிக்கை. வந்த எண்ணிக்கை அல்ல. நெரிசல் இருக்கும்போது சந்திப்பு விடுகிற அளவுதான் கோட்டில் தெரியும். ஆகவே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையில் நின்று வெளியேறுவதை எண்ண வேண்டும். இன்னொருவர் வால் ஒருபோதும் எட்டாத தூரத்தில் நின்று வருவதை எண்ண வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வரிசையில் சேரும் வண்டிகள். இடையில் கிளைச்சாலை இருந்தால் அதற்கு மூன்றாம் ஆள் வேண்டும்.

15 நிமிடக் கட்டங்களாகத் தாளைப் பிரியுங்கள். கார், வேன் ஒரு பத்தி. மோட்டார் சைக்கிள் ஒன்று. பேருந்து, லோரி ஒன்று. நேரே, இடம், வலம் என்று திரும்பும் திசையையும் தனியாகக் குறியுங்கள். வலம் திரும்புவோர் எண்ணிக்கைதான் பின்னால் மிகவும் தேவைப்படும். எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுங்கள். விளக்குச் சந்திப்பில் மூன்று மோட்டார் சைக்கிளை ஒரு காராகவும், பேருந்தையும் சுமை லோரியையும் இரண்டேகால் காராகவும் வைத்துக்கொண்டால் நடைமுறைக்குப் போதும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வால் எங்கே நிற்கிறது என்று விளக்குக் கம்பத்தை அடையாளமாக வைத்து எழுதுங்கள். முன்னதாகவே கம்பங்களுக்கு இடையிலான தூரத்தைக் காலடியால் அளந்து வரைபடத்தில் குறித்துவிட்டால் வேலை சுலபம்.

செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரம் கணக்கையே மாற்றிவிடும். கெடாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் அங்கே திங்கள், செவ்வாய், புதன் பொருந்தும். பள்ளி விடுமுறையில் எண்ணாதீர்கள். சம்பள வாரத்தைத் தனியாக ஒரு நாள் எண்ணுவது நல்லது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து ஏழாம் நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும். அதனால் மாதத்தின் முதல் வாரத்தில் வங்கி, மளிகைக் கடை, நகைக்கடை வாசல்களில் நிறுத்தும் வண்டிகள் கூடும். சாதாரண நாள் எண்ணிக்கையையும் சம்பள வார எண்ணிக்கையையும் கலந்து சராசரி எடுத்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். ஒளிரும் சட்டை போடுங்கள். சாலை நடுத்திட்டில் நிற்காதீர்கள். மாணவர்களைத் தனியே நிறுத்தாதீர்கள். கடைமாடி நடைபாதையிலிருந்து கைப்பேசியில் காணொளி எடுத்து வீட்டில் உட்கார்ந்து எண்ணுவதுதான் மிகத் துல்லியமான வழி, வெயிலும் படாது. கடைக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சமிக்ஞை விளக்கில் தலை இருந்தால்

இங்கேதான் சிறு மாற்றத்துக்குப் பெரிய பலன் கிடைக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எல்லாப் பக்கமும் ஒரு முறை பச்சை பெற்று முடியும் ஒரு சுற்று 90 வினாடி, உங்கள் பக்கத்துக்குப் பச்சை 30 வினாடி என்று வையுங்கள். ஒரு தடத்தில் சுற்றுக்கு 15 கார், மணிக்கு 40 சுற்று, ஆக 600 கார். மாலையில் மணிக்கு 700 என்ற விகிதத்தில் 45 நிமிடம் கார்கள் வந்தால், 75 கார்கள் தேங்கும். வரிசை 525 மீட்டர். கடைசியில் சேர்ந்தவர் ஏழரை நிமிடம் காத்திருப்பார். பிறகு வருகை 450 ஆகக் குறைந்தாலும் அந்த 75 கார் கரைய இன்னும் அரைமணி நேரம் வேண்டும். நெருக்கடி நேரம் 45 நிமிடம்தான். நெரிசலோ ஒண்ணேகால் மணி நேரம். இப்போது பச்சையை 37 வினாடி ஆக்குங்கள். மணிக்கு 740 கார் போகும். வரிசை ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய காலியாகிவிடும். ஏழு வினாடியில் அரை கிலோமீட்டர் மறைகிறது. சாலையை அகலப்படுத்தக் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கை யாராவது போட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்பது நம் உரிமை.

அந்த ஏழு வினாடியை எங்கிருந்து எடுப்பது என்பதையும் நீங்களே பார்த்து வைக்க வேண்டும். மற்ற பக்கங்களில் பச்சை எரியும்போது கடைசி வினாடிகளில் வண்டியே இல்லாமல் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறதா? இருபது சுற்றுகளுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் வீணான பச்சை வினாடிகளைக் குறியுங்கள். வண்டி இல்லாத பக்கத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நீண்ட பச்சை விழுந்தால், தாருக்குள் பதித்த, வண்டி நிற்பதை உணரும் கம்பி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். சாலையைத் தோண்டி ஒட்டுப்போட்டபின் இது நடக்கும். கம்பி அறுந்தால் வண்டி இருப்பதாகவே கருவி எடுத்துக்கொண்டு முழுப் பச்சையைக் கொடுத்துக்கொண்டிருக்கும். நிறுத்தக் கோட்டுக்குப் பின்னால் செவ்வக வடிவில் தாரில் வெட்டிய தடம் தெரிகிறதா, அதன்மேல் புதுத் தார் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஒரு புகாரே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கலாம்.

பச்சை போதுமான நேரம் எரிந்தும் வண்டிகள் குறைவாகவே போனால், வெளியேற்ற வேகத்தை அளக்க வேண்டும். முதல் நான்கு கார்களை விட்டுவிடுங்கள். அவை கிளம்பத் தாமதமாகும். நான்காவது கார் கோட்டைக் கடந்ததும் நேரமானியைத் தொடங்கி, பதினான்காவது கடக்கும்போது நிறுத்துங்கள். பத்தால் வகுங்கள். 2 வினாடியை ஒட்டி வந்தால் நல்லது. 3 வினாடி வந்தால் மணிக்கு 1,800 போக வேண்டிய தடத்தில் 1,200 தான் போகிறது; ஏதோ ஒன்று தடுக்கிறது. சரிவில் ஏறும் சுமை லோரியா, கோட்டுக்கு அப்பால் உள்ள பள்ளமா, திரும்பும் இடத்தில் நிற்கும் டாக்சியா என்று தேடுங்கள்.

மிகப் பெரிய திருடன் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தும் கார். இரண்டு தடம் உள்ள சாலை, பச்சை 30 வினாடி. தடத்துக்கு 15 வீதம் 30 கார் போக வேண்டும். இடப்பக்கத் தடத்தில், கோட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி ஒருவர் ரொட்டி சானாய் பொட்டலம் வாங்க நிறுத்திவிட்டார். அந்தத் தடத்தில் கோட்டுக்கும் அவர் காருக்கும் இடையே ஆறு கார்தான் நிற்க முடியும். ஆறும் 12 வினாடியில் போய்விடும். மீதி 18 வினாடியும் வலத்தடம் மட்டுமே ஓடும். 30-க்குப் பதில் 21. ஒரே ஒரு கார், சந்திப்பின் திறனில் பத்தில் மூன்று பங்கைத் தின்றுவிட்டது. பின்னால் நிற்கும் யாருக்கும் அவர்தான் காரணம் என்று தெரியாது. 30 வினாடிப் பச்சைக்கு 100 மீட்டர் வரை தடம் காலியாக இருந்தால்தான் முழுப் பயன் கிடைக்கும். ஆகவே எல்லா இடத்திலும் வண்டி நிறுத்தத் தடைசெய்யும் இரட்டைக்கோடு போடச் சொல்லிக் கடைக்காரர்களோடு சண்டை போடுவதைவிட, நெருக்கடி நேரத்தில் அந்த 100 மீட்டரை மட்டும் காலியாக வைக்கக் கேளுங்கள். பொட்டலம் வாங்குவோருக்குப் பின்தெருவில் பத்து நிமிட நிறுத்தமிடம் ஒதுக்கினால் கடைக்கும் நட்டம் வராது.

மூன்றாவது வகையும் உண்டு. பச்சை எரிகிறது, வண்டி நகரவில்லை. காரணம், அடுத்த சந்திப்பின் வால் இங்குவரை வந்துவிட்டது. இந்நிலையில் இங்கே பச்சையைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். உண்மையான தலை அங்கே இருக்கிறது, அங்கே போங்கள். இங்கே செய்ய வேண்டியது, சந்திப்பின் நடுவில் வண்டி நிற்கக் கூடாத மஞ்சள் கட்டத்தை மறுபடி வண்ணமடித்துத் துலக்கமாக்குவது மட்டுமே, குறுக்கே போகிறவர்களாவது போகட்டும்.

சுற்று நேரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு 1958-இல் பிரிட்டனின் வெப்ஸ்டர் கொடுத்த சூத்திரம் இன்னும் பயன்படுகிறது. பச்சை எரியும் ஒவ்வொரு கட்டத்திலும், மிக நெருக்கமான ஒரு தடத்துக்கு மணிக்கு வரும் கார்களை 1,800-ஆல் வகுத்து, எல்லாக் கட்டங்களையும் கூட்டுங்கள். ஒரு சுற்றில் மஞ்சளிலும் முழுச் சிவப்பிலும் கிளம்பும் தயக்கத்திலும் வீணாகும் வினாடிகளை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள். அதை, ஒன்றிலிருந்து முந்தைய கூட்டுத்தொகையைக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். வீணாவது 10 வினாடி, கூட்டுத்தொகை 0.7 என்றால் சுற்று 67 வினாடி. கூட்டுத்தொகை 0.85 ஆனால் 133 வினாடி. ஒன்றை நெருங்கினால் எந்த விளக்கும் உதவாது. அப்போதுதான் கூடுதல் தடத்தைப் பற்றிப் பேச வேண்டும். சின்னப் பட்டணத்தில் நெருக்கடி ஓய்ந்த நேரத்திலும் 150 வினாடிச் சுற்று ஓடினால் அது அளவுக்கு மீறிய நீளம்.

விளக்கில்லாத முச்சந்தி

நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே வலம் திரும்புகிறவர் எதிர்வரும் வண்டிகளைக் கடந்தாக வேண்டும். எதிரே மணிக்கு 720 வண்டி வந்தால் சராசரியாக 5 வினாடிக்கு ஒன்று. ஒரு கார் திரும்ப சுமார் 5 வினாடி இடைவெளி போதும். சுமை ஏற்றிய லோரிக்கு 8 வினாடியாவது வேண்டும். வண்டிகள் சீரில்லாமல் வருகின்றன என்று கொண்டு கணக்கிட்டால், எதிர்வரவு 1,200 ஆகும்போது 8 வினாடிக்கு மேற்பட்ட இடைவெளி நூற்றுக்கு ஏழுதான். தோட்டத்துச் சாலைக்குள் திரும்பும் லோரி ஒற்றைத் தடத்தில் 40 வினாடி காத்திருந்தால், பின்னால் மணிக்கு 600 வரும் சாலையில் ஏழு கார் நின்றுவிடும். அதற்குள் இன்னொரு லோரி வந்தால் வரிசை கரைய வழியே இல்லை.

இதற்கு முதல் தீர்வு வலம் திரும்புவோர் ஒதுங்கி நிற்க ஒரு தடம். 3 மீட்டர் அகலம், 30 மீட்டர் நீளம் இருந்தால் நான்கு கார் ஒதுங்கும். லோரி வருகிற இடமென்றால் நீளம் கூட வேண்டும். சாலையோரத் தோளைத் தார் போட்டு, நேரே போகிறவர்களை இடப்புறமாக விலக்கிக் கோடு போட்டாலே பல இடங்களில் இது கிடைத்துவிடும்.

இரண்டாவது, வலம் திரும்புவதையே தடுத்து, இடம் திரும்பி அப்பால் உள்ள யூ-திருப்பத்தில் சுற்றி வரச் செய்வது. முச்சந்தியில் வண்டிப் பாதைகள் மோதிக்கொள்ளும் புள்ளிகள் 9, நாற்சந்தியில் 32. இடப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியேறுவது மட்டும் என்றால் இரண்டுதான். ஆனால் யூ-திருப்பம் 400, 500 மீட்டருக்கு அப்பால் போனால் மோட்டார் சைக்கிள்கள் எதிர்த்திசையில் ஓரமாக ஓடத் தொடங்கும். உயிர்ப் பலி அங்கேதான் நடக்கும். சுற்றும் தூரம் குறைவாக இருந்தால் மட்டுமே இதைக் கேளுங்கள்.

பள்ளி வாசல்

பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு பெருக்கல் போதும். நிமிடத்துக்கு எத்தனை கார் வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பார்த்து இரண்டையும் பெருக்கினால், ஒரே சமயத்தில் நிற்கும் கார்களின் எண்ணிக்கை வரும். பத்து நிமிடத்தில் 60 கார் வந்து, ஒவ்வொன்றும் 3 நிமிடம் நின்றால் எப்போதும் 18 கார் நிற்கும். வாசலில் எட்டு கார் நிற்கத்தான் இடம் என்றால் பத்து கார் நெடுஞ்சாலையில் வழியும். நிற்கும் நேரத்தை 1 நிமிடமாகக் குறைத்தால் ஆறு கார்தான். இடத்தை ஒரு அடிகூடக் கூட்டவில்லை, வழிதல் மட்டும் நின்றுவிட்டது.

நிற்கும் நேரத்தைக் குறைப்பது பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கையில் இருக்கிறது. காரின் முன்கண்ணாடியில் பெரிய எழுத்தில் பிள்ளையின் எண் அட்டை; வாசலுக்கு 50 மீட்டர் முன்பே ஒருவர் எண்ணை ஒலிபெருக்கியில் சொல்ல, பிள்ளை புத்தகப்பையோடு தயாராக நிற்க வேண்டும். பிள்ளைகள் இடப்பக்கக் கதவில் மட்டும் ஏறட்டும். பள்ளி விடுவதற்கு முன்பே வந்து நிற்பவர்கள்தான் கணக்கைக் கெடுக்கிறார்கள். 20 நிமிடம் முன்னதாக வரும் ஒரு கார், நிமிடத்தில் ஏற்றிச் செல்லும் இருபது கார்களின் இடத்தைப் பிடிக்கிறது. அவர்களுக்குக் கோயில் திடலையோ மண்டப முன்றிலையோ காத்திருக்கும் இடமாகக் கொடுங்கள். கீழ்வகுப்புகளைப் பத்து நிமிடம் முன்னதாக விட முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வாசலுக்கு எதிரே யூ-திருப்பம் எடுப்பதை மட்டும் அனுமதிக்கவே கூடாது. மழை நாளில் மோட்டார் சைக்கிளில் வரும் பெற்றோரும் காரில் வருவார்கள். நிற்கும் நேரமும் கூடும். ஏற்பாட்டை மழை நாளுக்கே திட்டமிடுங்கள்.

ஆலை லோரிகளும் பாசார் மாலாமும்

செம்பனைக் குலைகளை வெட்டியபின் தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று எல்லாரும் அவசரப்படுவார்கள். காலையில் வெட்டியது பிற்பகலில் ஒன்றாக வந்து குவியும். எடை மேடையில் ஒரு லோரிக்கு 3 நிமிடம் என்றால் மணிக்கு 20 லோரி. 26 வந்தால் ஆறு மிஞ்சும். 15 மீட்டர் வீதம் 90 மீட்டர். ஆலை வாசல் சாலையோரத்திலேயே இருந்தால் அவ்வளவும் நெடுஞ்சாலையில் நிற்கும். வாசல் கதவை உள்ளே 100 மீட்டர் தள்ளி வைப்பதும், சிறு தோட்டக்காரர்களுக்கும் பெரிய தோட்டத்துக்கும் வெவ்வேறு வருகை நேரம் ஒதுக்குவதும் ஆலை நிர்வாகம் செய்யக்கூடியவை. எண்ணிக்கைத் தாளோடு போய்ப் பேசினால், லோரி காத்திருப்பதால் அவர்களுக்கும் டீசலும் நேரமும் நட்டம் என்பதைக் காட்ட முடியும்.

பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை நாளில் சந்தைத் தெருவை அடைப்பது தொல்லை தருவதில்லை. சந்தையின் முதல் கடை சந்திப்பின் வாயிலேயே தொடங்குவதுதான் தொல்லை. முதல் முப்பது மீட்டரைக் காலியாக விட்டு, நிறுத்தமிடத்துக்கு வழி சந்தையைக் கடக்காமல் மறுபக்கமாக இருந்தால் போதும்.

சுற்றுச்சாலை கேட்பதற்கு முன்

"பைபாஸ் வேண்டும்" என்பது மேடைக்கு எளிதான கோரிக்கை. அது கடந்து போகிற வண்டிகளை மட்டுமே எடுத்துச் செல்லும். பட்டணத்துக்கே வருகிறவர்கள் பட்டணத்துக்கே வருவார்கள். ரவாங் ஊருக்குள் 1-ஆம் எண் சாலையில் கடந்து போகிறவர்களுக்காகச் சுற்றுச்சாலை 2017 நவம்பரில் திறக்கப்பட்டது. உங்கள் ஊரில் கடந்து போகிறவர்கள் எத்தனை பேர்? பட்டணத்தின் இரு கோடியிலும் ஆள் வைத்து, நுழையும் வண்டிகளின் எண் பலகையில் இலக்கங்களை மட்டும் நேரத்தோடு எழுதுங்கள். இரண்டு கிலோமீட்டரைக் கடக்க 6 நிமிடம் ஆகுமென்றால், 10 நிமிடத்துக்குள் மறுகோடியில் வெளியேறிய எண்களைப் பொருத்திப் பாருங்கள். நூற்றில் அறுபது பொருந்தினால் சுற்றுச்சாலைக்கு நியாயம் இருக்கிறது. இருபதுதான் பொருந்தினால், அதற்குக் காத்திருக்கும் ஆண்டுகளில் விளக்கு நேரத்தையும் நிறுத்தமிடத்தையும் சரிசெய்வது மேல். பொருத்தி முடித்ததும் அந்தத் தாள்களை அழித்துவிடுங்கள்.

தாமானின் பின்வாசலைத் திறந்து குறுக்குவழி விடுவதிலும் கவனம் தேவை. புது இணைப்பு எல்லாரையும் ஒரே இறுக்கத்துக்குத் திருப்பிவிட்டால் மொத்தப் பயண நேரம் முன்பைவிடக் கூடக்கூடும். ஜெர்மானியக் கணிதவியலாளர் பிராஸ் 1968-இலேயே இதை நிறுவினார்.

யாரிடம், எப்படிக் கொடுப்பது

சாலை யாருடையது என்று தெரியாமல் எழுதிய கடிதம் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டர் கல்லையோ சாலைப் பலகையையோ பாருங்கள். எண் மட்டும் இருந்தால் கூட்டரசு சாலை. முன்னால் மாநில எழுத்து இருந்தால், பேராவுக்கு ஏ, சிலாங்கூருக்கு பி என்பது போல, மாநிலச் சாலை. இரண்டுக்கும் மாவட்டப் பொதுப்பணி இலாகாவான ஜே.கே.ஆர். அலுவலகத்தில் தொடங்குங்கள். தாமான் உட்சாலை, கடைத்தெரு நிறுத்தமிடம், பாசார் மாலாம் எல்லாம் மாவட்ட மன்றம் அல்லது நகராண்மைக் கழகம். தோட்டத்துச் சாலை பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் தனிச்சொத்து; அங்கே அரசு இலாகா பொதுவாகத் தார் போடாது. சட்டவிரோத நிறுத்தத்துக்குப் போக்குவரத்துப் போலீசுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

கடிதம் மலாயில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். "கெசெசாக்கான் தெருக்" (கடும் நெரிசல்) என்று பொதுவாகப் புலம்பாமல், எந்தச் சந்திப்பு, எந்தத் திசை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வருகை எத்தனை, வெளியேற்றம் எத்தனை, வால் எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று, அளவோடு: "மாலை 5.15 முதல் 6.45 வரை வடக்குப் பக்க லம்பு இஷாராட் (சமிக்ஞை விளக்கு) பச்சையை 30 வினாடியிலிருந்து 37 வினாடியாக்கவும். கிழக்குப் பக்கத்தில் சராசரி 9 வினாடி வீணாகிறது." எண்ணிக்கைத் தாள், கையால் வரைந்த வரைபடம், நேரம் பதிந்த படங்கள் மூன்று ஆகியவற்றை இணையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் போவது அடுத்த கட்டம். பொறியாளருக்குக் கொடுத்த அதே தாளை அவருக்கும் கொடுங்கள்.

மாற்றம் செய்தபின்

முதல் வாரத்து எண்ணிக்கையை நம்பாதீர்கள். வழி சீராகிவிட்டது என்று கேள்விப்பட்டு வேறு பாதையில் போனவர்கள் திரும்பி வருவார்கள். நான்கு வாரம் கழித்து, அதே கிழமை, அதே நேரம், அதே இடங்களில் நின்று மறுபடி எண்ணுங்கள். வால் பாதியாவது சுருங்கியிருந்தால் மாற்றம் வேலை செய்கிறது. சுருங்கவில்லை என்றால் பச்சை நேரம் உண்மையில் மாற்றப்பட்டதா என்று நேரமானியால் சரிபாருங்கள். மின்தடைக்குப்பின் சில கருவிகள் பழைய நேரத்துக்கே திரும்பிவிடும்.

இந்தச் சந்திப்பு முன்னைவிட அதிக வண்டியை விடுவதால், அடுத்த சந்திப்பில் புது வரிசை எழக்கூடும். அதற்காக இரண்டாம் சுற்று எண்ணிக்கையில் ஒருவரை அங்கேயும் நிறுத்துங்கள். தலை அங்கே போயிருந்தால் அடுத்த தாளை அந்த இடத்துக்குத் தொடங்க வேண்டும்.